சதுரத்துக்குள் யார் கணக்கு?

பெங்களூர் வைட்ஃபீல்டில், ஹோப் ஃபார்ம் ஜங்ஷனைத் தாண்டியதும் ஓர் இளநீர் வண்டி நிற்கும். வண்டிக்காரருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பல வருஷமாக இங்கேதான் பிழைப்பு. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், ஐ.டி.பி.எல். வளாகத்திலிருந்து வரும் வடக்கத்திப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் இந்தியும் வைத்திருக்கிறார். "தண்ணியா, வழுக்கையா?" என்ற கேள்வியை மட்டும் நாலு பாஷையிலும் தப்பில்லாமல் கேட்பார்.

2025 ஜூலையில் ஒருநாள் சாயங்காலம் போனபோது வண்டியில் ஏதோ குறைந்தது. வழக்கமாகக் கம்பத்தில் கட்டியிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட க்யூஆர் அட்டை இல்லை. காசு விழுந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டியும் இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டு. அதில் மார்க்கர் பேனாவால், 'நோ யு.பி.ஐ., ஒன்லி கேஷ்' என்று எழுதியிருந்தது.

என் சட்டைப்பையில் சல்லிக்காசு இல்லை. வைட்ஃபீல்டில் யார்தான் பணம் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்? "பரவால்ல சார், நாளைக்குக் குடுங்க" என்று காயைச் சீவி நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அட்டைக்குள்ளதான் நம்ம கணக்கெல்லாம் இருக்குதுன்றாங்க. நேத்தே கிழிச்சுப் போட்டுட்டேன். எல்லாம் போயிருக்கும்ல சார்?"

பின்னால் நாலு பேர் காத்திருந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "போகாது அண்ணே" என்று மட்டும் சொன்னேன். ஏன் போகாது என்பதுதான் இந்த வாரம்.

முதலில் அந்தச் சதுரம். இதன் பிறந்த வீடு ஜப்பானில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ. அதுவரை பெட்டிகளின் மேல் பார்கோடு என்னும் கோடுகளைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், சோப்பு டப்பாவில் பார்க்கிறோமே, அதேதான். பார்கோடு இடமிருந்து வலமாக மட்டும் விஷயம் சொல்லும். மேலும் கீழும் வெறும் நீளம். அதனால் இருபது எழுத்துக்கு மேல் அடைப்பது சிரமம். ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி, தொழிலாளி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சலித்துப்போனார்கள். மசாஹிரோ ஹாரா என்ற எஞ்சினியர், குறுக்கே மட்டுமல்லாமல் நெடுக்கேயும் விஷயத்தை அடைத்தால் என்ன என்று யோசித்தார். 'கோ' என்று ஜப்பானில் ஓர் ஆட்டம் உண்டு. கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடுவது. அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1994-ல் க்யூஆர் வெளிவந்தது. டென்சோ காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, யார் வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அப்படி விடாமல் இருந்திருந்தால் நம் இளநீர் வண்டி வரை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

சதுரத்தின் மூன்று மூலைகளில் பெரிய கண்கள் போல மூன்று கட்டங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேமரா முதலில் தேடுவது அவற்றைத்தான். அந்தக் கண்ணின் குறுக்கே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். இந்த விகிதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பத்திரிகை, விளம்பர நோட்டீஸ், அட்டைப்பெட்டி என்று அச்சானதையெல்லாம் அளந்து பார்த்து, எந்த விகிதம் மிகக் குறைவாகத் தட்டுப்படுகிறதோ அதைப் பொறுக்கி எடுத்தார்கள். அதனால்தான் சுற்றிலும் சினிமா போஸ்டரும் பான்பராக் கறையும் இருந்தாலும் கேமரா ஏமாறுவதில்லை. நாலாவது மூலையில் பெரிய கண் இல்லாததால், அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் எது மேல் எது கீழ் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கணக்கு சுலபம். கறுப்புக் கட்டம் என்றால் 1. வெள்ளை என்றால் 0. மிகச் சிறிய க்யூஆரில் 21-க்கு 21, அதாவது 441 கட்டங்கள். மிகப் பெரியதில் 177-க்கு 177. ஒரே இடத்தில் கறுப்பு திட்டாக அப்பிக்கொண்டால் கேமரா குழம்பும் என்பதால், எட்டுவிதமான கட்ட ஜாலங்களை மேலே போட்டுப் பார்த்து, எது நன்றாகக் கலந்து வருகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் எல்லா க்யூஆரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி, மிளகையும் உப்பையும் கொட்டிக் கலந்தது போல இருக்கிறது.

இளநீர்க்காரரின் அட்டை வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, ஒரு மூலை பிய்ந்து, நடுவே இளநீர் தெறித்த கறையோடு இருந்தது. இருந்தும் வேலை செய்தது. எப்படி? இங்கேதான் 1960-ல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய கணிதம் வருகிறது. பயப்படவேண்டாம், பென்சிலும் காகிதமும் போதும். காகிதத்தில் இரண்டு புள்ளி வையுங்கள். இரண்டின் வழியாகவும் ஒரே ஒரு நேர்கோடுதான் போடமுடியும். இப்போது அந்தக் கோட்டின் மேலேயே இன்னும் இரண்டு புள்ளிகளைக் கூடுதலாக வைத்து, நான்கையும் அனுப்புகிறீர்கள். வழியில் ஏதாவது இரண்டு அழிந்துபோனாலும், மிச்சமுள்ள இரண்டை வைத்துக் கோட்டை இழுத்து, அழிந்தவை எங்கே இருந்தன என்று சொல்லிவிடலாம். பாதி மிதிபட்ட கோலத்தைப் பார்த்து மீதியை அம்மா முடிப்பதில்லையா, அந்த மாதிரி. க்யூஆரில் நேர்கோட்டுக்குப் பதில் சிக்கலான வளைகோடுகள், அவ்வளவுதான் வித்தியாசம். கீறல் விழுந்த சி.டி. பாடியதும், வாயேஜர் விண்கலம் நெப்டியூனிலிருந்து அனுப்பிய படங்கள் சிதையாமல் வந்ததும் இதே வித்தையால்தான். க்யூஆரில் இதற்கு நாலு தரம் உண்டு. உயர்ந்த தரத்தில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படித்துவிடலாம். சில அட்டைகளில் நட்டநடுவே கம்பெனியின் சின்னம் அச்சிட்டிருப்பார்கள். அது கம்பெனியே வேண்டுமென்று செய்த சேதம். மிச்சக் கட்டங்கள் ஈடுகட்டிவிடும் என்ற தைரியம்.

சரி, அத்தனை கட்டங்களையும் படித்துமுடித்தால் உள்ளே என்ன கிடைக்கிறது? ஏமாற்றமாக இருக்கும். ஒரே ஒரு வரி. யு.பி.ஐ. என்று தொடங்கும், 'பே' என்ற வார்த்தை வரும், பிறகு அவருடைய யு.பி.ஐ. முகவரி, பெயர். கடைக்காரருக்கான அட்டையாக இருந்தால் எந்த வகை வியாபாரம் என்பதற்கு நாலு இலக்க எண் ஒன்று. தீர்ந்தது. பாங்க் பாலன்ஸ் இல்லை, பின் நம்பர் இல்லை, நேற்று யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் இல்லை. வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் கதவு எண் பலகைதான் அது. பலகையைக் கழற்றி எறிந்தால் வீட்டுக்குள் இருக்கும் பீரோ காலியாகிவிடுமா?

அதேபோல, யாரோ அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு போனாலும் பயமில்லை. அதை வைத்து அவர்களால் செய்யமுடிந்த ஒரே காரியம் இவருக்குப் பணம் அனுப்புவது. உண்மையான ஆபத்து வேறே. ராத்திரியோடு ராத்திரியாக ஒருவன் வந்து, இவர் அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போனால், காய் இவருடையது, காசு அவனுடையது. பார்வைக்கு இரண்டும் மிளகும் உப்பும்தான். மனிதக் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள் என்று சொல்வது. முன்பெல்லாம் அங்கே செல்லப் பெயர், கடைப் பெயர் என்று எதுவும் வரும். 2025 ஜூன் 30-க்குள், பாங்கில் பதிவான பெயரையே எல்லா ஆப்களும் காட்டவேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள்.

விதி செய்தவர்கள் என்.பி.சி.ஐ. என்ற தேசியக் கொடுக்கல் வாங்கல் கழகம். 2008-ல் ரிசர்வ் பாங்கும் இந்திய பாங்குகள் சங்கமும் முன்னின்று தொடங்கியது. 2016 ஏப்ரலில், ரகுராம் ராஜன் ரிசர்வ் பாங்க் கவர்னராக இருந்தபோது, யு.பி.ஐ.யை வெள்ளோட்டம் விட்டார்கள். 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் இதன் வழியாக நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடி. பூஜ்யங்களை எண்ணிப் பார்த்து மயங்கவேண்டாம். அதில் நம் இளநீரும் அடக்கம்.

நான் 70 ரூபாய் அனுப்பும்போது என்ன நடக்கிறது? பணம் என் போனிலிருந்து பறந்து அவர் அட்டைக்குள் போய் உட்காருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பணம் எங்கும் போவதில்லை. போவது சேதி. அந்தக் காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனுக்கும் செட்டிநாட்டுக்கும் இடையில் உண்டியல் எழுதினார்களே, அதே தத்துவம். இங்கே ஒருவர் கட்டுகிறார், அங்கே இன்னொருவர் பெறுகிறார். கடலைத் தாண்டுவது ஒரு காகிதம் மட்டும். பெட்டகத்தில் இருக்கும் பணம் பிறகு சாவகாசமாக நேர்செய்யப்படும்.

இங்கே காகிதத்துக்குப் பதில் மின்சேதி. என் போனில் ஆப் முதல்முதலாக வந்தபோதே, என் சிம் கார்டிலிருந்து பாங்குக்கு ஓர் எஸ்.எம்.எஸ். சத்தமில்லாமல் போயிருக்கிறது. இந்த நம்பர், இந்த போன், இந்தக் கணக்கு என்று முடிச்சுப் போட்டாயிற்று. இது முதல் பூட்டு. நான் தட்டும் பின் நம்பர் இரண்டாவது பூட்டு. அந்த நம்பரைத் தட்டும் பக்கம் ஆப் கம்பெனியுடையது அல்ல, என்.பி.சி.ஐ. கொடுத்தது. தட்டிய மாத்திரத்தில் அது உருமாறிப் பூட்டிய கவருக்குள் போய்விடும். கவரைப் பிரிப்பது என் பாங்கின் வேலை. நடுவில் யாருக்கும் தெரியாது.

கவர் என்.பி.சி.ஐ. வழியாக என் பாங்குக்குப் போகிறது. பின் நம்பர் சரிதானா, கணக்கில் 70 ரூபாய் இருக்கிறதா என்று பாங்க் பார்க்கிறது. இருந்தால் கழித்துவிட்டு 'ஆச்சு' என்று பதில் சொல்கிறது. உடனே என்.பி.சி.ஐ. அவருடைய பாங்கைக் கூப்பிட்டு 70 கூட்டச் சொல்கிறது. அதுவும் 'ஆச்சு' என்றதும் இரண்டு பக்கத்துக்கும் தகவல் வருகிறது. எல்லாம் ஒரு காயைச் சீவும் நேரத்துக்குள். சில சமயம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கழித்தது நடந்து, கூட்டியதற்குப் பதில் வராத திரிசங்கு நிலை அது. பதில் வரவே இல்லையென்றால் கழித்ததைத் திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பாங்குகள் தங்களுக்குள் யார் யாருக்கு எவ்வளவு என்பதை, ஒவ்வொரு எழுபது ரூபாய்க்கும் அல்ல, மொத்தமாகக் கூட்டிக் கழித்து, ஒரு நாளைக்குப் பல தடவை ரிசர்வ் பாங்கில் உள்ள கணக்குகள் மூலம் தீர்த்துக்கொள்கின்றன.

இந்த இடத்தில் ஒன்று. பின் நம்பர் என்பது கழிக்கச் சொல்லும் உத்தரவு. பணம் வாங்குவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்று எவனாவது போனில் சொன்னால் அவன் திருடன். இப்படி வரும் பண வேண்டுகோள்களால் ஏமாந்தவர்கள் அதிகமாகி, தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் வேண்டுகோள் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது எண்ணுங்கள். அந்த 70 ரூபாய் இளநீர் எத்தனை நோட்டில் பதிவாகியிருக்கிறது? என் பாங்கில் ஒன்று, அவர் பாங்கில் ஒன்று, என்.பி.சி.ஐ.யில் ஒன்று, என் ஆப் கம்பெனியில் ஒன்று, அவருக்கு அட்டை கொடுத்த கம்பெனியில் ஒன்று. ஐந்திலும் அதே 12 இலக்க அடையாள எண். தேதி, நொடி சுத்தமாக நேரம். கிழிந்து குப்பைக்குப் போன அட்டை இதில் எதிலுமே சேர்த்தி இல்லை.

அந்தப் பேசும் பெட்டியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், பாவம், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதற்குள் ஒரு சிம் கார்டு, பாட்டரி, சின்ன ஸ்பீக்கர். என் போனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பக்கத்தில் நின்றாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அவருடைய கணக்கில் பணம் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகு, அட்டை கொடுத்த கம்பெனியின் கம்ப்யூட்டர் செல்போன் கோபுரம் வழியாக இந்தப் பெட்டிக்குத் தகவல் அனுப்புகிறது. பெட்டி வாய் திறக்கிறது. வாடிக்கையாளர் போனில் 'வெற்றி' என்று பச்சை டிக் வருவதுபோலவே காட்டும் போலி ஆப்கள் உண்டு. பழைய படத்தையே தினமும் காட்டிவிட்டுப் போகும் ஆசாமிகளும் உண்டு. கூட்டத்தில் கை வேலையாக இருப்பவர் யார் போனையென்று எட்டிப் பார்ப்பார்? பெட்டி சாட்சி சொல்வது கொடுத்தவர் பக்கத்திலிருந்து அல்ல, வாங்கியவர் பக்கத்திலிருந்து. மாத வாடகை கொடுத்தாவது அதை வைத்திருப்பது இதற்காகத்தான்.

எளிய பெட்டிகளில் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனிப் பதிவு கிடையாது. ஒன்று, இரண்டு, பத்து, நூறு, ரூபாய் என்று துண்டு துண்டாகப் பேசி வைத்திருப்பதை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல ஒட்டவைத்துச் சொல்லும். இங்கிலீஷில் இது சுலபம். தமிழில் தகராறு. 'நூறு' தனியாக நின்றால் நூறு; பின்னால் ஐம்பது வந்தால் 'நூற்று'. ஆயிரம் 'ஆயிரத்து' ஆகும். இருபது 'இருபத்து' ஆகும். ஒரே எண்ணுக்கு இரண்டு பதிவு வைத்துக்கொண்டு, அடுத்து ஏதாவது வருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். இந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்க மறந்தால் பெட்டி 'நூறு ஐம்பது' என்று குழந்தை மாதிரிப் பேசும்.

இனி அந்த ஜூலை மாதத்துக்கு வருவோம். யு.பி.ஐ. சேவை தரும் கம்பெனிகளிடமிருந்து 2021-22 முதல் 2024-25 வரையிலான விவரங்களைக் கர்நாடக வணிகவரித் துறை வாங்கியது. யாருக்கெல்லாம் வருஷத்தில் வரம்புக்கு மேல் பணம் வந்திருக்கிறதோ, அவர்களில் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கு நோட்டீஸ் போயிற்று. பேக்கரிகள், டீக்கடைகள், காண்டிமெண்ட்ஸ் கடைகள் ஆடிப்போயின. பெங்களூர் முழுக்க க்யூஆர் அட்டைகள் மறைந்து 'ஒன்லி கேஷ்' முளைத்தது அப்போதுதான். நம் இளநீர்க்காரருக்கு நோட்டீஸ் வரவில்லை. பயம் மட்டும் வந்தது.

வரம்பு என்ன? பொருள் விற்பவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை. சேவை செய்பவருக்கு 20 லட்சம். 40 லட்சம் என்றால் கோடீஸ்வரர் சமாசாரம் போலத் தோன்றும். 365-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்குச் சுமார் 11,000 ரூபாய். காய் 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தினம் 157 இளநீர். கோடையில் நல்ல முனையில் நிற்கும் வண்டிக்கு இது ஆகாத காரியம் அல்ல. ஆனால் இது விற்பனைத் தொகை, லாபம் அல்ல. மத்தூர் மண்டியிலிருந்து வரும் காய்க்கு விலை, லாரிக் கூலி, வெம்பிப்போன காய், எல்லாம் இதற்குள்தான். இன்னொன்று, உரித்து அப்படியே விற்கும் இளநீருக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. பச்சைக் காய்கறி, பூ, பாக்கெட்டில் அடைக்காத பால் இவற்றுக்கும் அப்படியே. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு நாலு வருஷத்தில் 1.63 கோடி ரூபாய் பரிமாற்றம் என்று கணக்குக் காட்டி 29 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவர் விற்றது விவசாயிகளிடம் வாங்கிய பச்சைக் காய்கறி.

வரம்பைத் தாண்டிய கடை பதிவு செய்துகொண்டு வரி கட்டவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேஷில் விற்றாலும் அதே சட்டம்தான்; அட்டையைக் கிழித்தால் வரி போய்விடும் என்பது தப்பு. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள சிறு வியாபாரிக்கு ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் திட்டமும் இருக்கிறது. என் தகராறு அந்த ஐந்து நோட்டுகளைப் படிக்கும் விதத்தில்.

இளநீர்க்காரர் கணக்கில் விழும் பணம் எல்லாம் இளநீர்க் காசா? அவரே சொன்னது: பக்கத்தில் நிற்கும் பானிபூரிக்காரருக்கு க்யூஆர் இல்லை. அவரிடம் சாப்பிட்டவர்கள் இவர் அட்டையில் போடுவார்கள். இவர் ராத்திரி பணமாக எடுத்துக் கொடுப்பார். அபார்ட்மென்ட் செக்யூரிட்டிக்கு அவசரத்துக்கு ரொக்கம் வேண்டுமென்றால் இங்கே 500 அனுப்பிவிட்டு 500 வாங்கிக்கொண்டு போவார், ஏ.டி.எம். தூரம். வீட்டுக்காரம்மா போட்ட சீட்டு விழுந்தது. மச்சான் பையன் படிப்புக்கு அனுப்பினான். கொடுத்த கைமாற்று திரும்பி வந்தது. நோட்டில் இவை அத்தனையும் வரவு. யார், எவ்வளவு, எப்போது என்பது நொடி சுத்தமாக இருக்கிறது. எதற்கு என்ற பத்தி அந்த நோட்டில் கிடையவே கிடையாது. நாலு இலக்க வியாபார எண் இருக்கிறதே என்பீர்கள். அது கடை எந்த ரகம் என்று சொல்லும். இந்த 500 இளநீரா, செக்யூரிட்டிக்குக் கொடுத்த சில்லறையா என்று சொல்லாது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்கள். வந்த பணம் எவ்வளவு என்று கேட்டு, வந்த பதிலை விற்பனை எவ்வளவு என்று எழுதிக்கொண்டால் ஹாவேரிக்காரர் மாதிரி ஆட்கள்தான் மாட்டுவார்கள்.

ஜூலை 23-ம் தேதி முதல்வர் சித்தராமையா வியாபாரிகள் சங்கத்தாரைக் கூப்பிட்டுப் பேசினார். வரிவிலக்குள்ள பொருள் விற்பவர்களிடம் வரி கேட்கமாட்டோம், பழைய பாக்கியை வசூலிக்கமாட்டோம், ஆனால் பதிவு செய்யவேண்டியவர்கள் செய்துகொள்ளுங்கள் என்றார். 25-ம் தேதி நடக்க இருந்த பந்த் கைவிடப்பட்டது.

ஆகஸ்டில் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். புது அட்டை தொங்கியது. கேஷ் மட்டும் என்று சொன்ன நாட்களில் ஐ.டி.பி.எல். பிள்ளைகள் பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். பாதிக் காய் வாடிப்போயிற்றாம். "அவங்களுக்குக் காசுன்னா என்னான்னே தெரியாது சார்" என்றார். பானிபூரிக்காரருக்குத் தனி அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். சீட்டுப் பணம், மச்சான் பணமெல்லாம் வீட்டுக்காரம்மா பெயரில் வேறு கணக்குக்குப் போகிறது. வண்டிப் பலகைக்கு அடியில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று. மண்டியிலிருந்து எத்தனை காய் வந்தது, என்ன விலை, எத்தனை வெம்பல் என்று பெரிய பையன் தினமும் எழுதுகிறானாம்.

பெட்டியும் வெளியே வந்திருந்தது. கன்னடத்தை மாற்றித் தமிழ் வைத்திருக்கிறார். இரண்டு காய்க்குப் பணம் போட்டேன். "நூறு நாற்பது ரூபாய்" என்றது.

"நூத்தி நாப்பது" என்று அதைத் திருத்திவிட்டு அடுத்த காயை எடுத்தார்.